முதலில் இ.பி. கார்டைக் கேள்

அன்புள்ள தம்பிக்கு,

தி.நகரில் எனர்ஜி ஆடிட் வேலை கிடைத்ததில் மகிழ்ச்சி. சுவரின் சூட்டை அளப்பதெல்லாம் அப்புறம். வீட்டுக்குள் போனதும், எத்தனை யூனிட் ஓடியது என்று குறித்திருக்கும் இ.பி. கார்டைக் கேள்.

வீடுகளுக்கான 2022 செப்டம்பர் மின்கட்டணத்தையே எடுத்துக்கொள்; பிறகு விலை ஏறியிருந்தாலும் கணக்கின் போக்கு அதேதான். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். 501 ஓடினால் 1,958. ஐநூறைத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டின் விலை 2.25-லிருந்து 4.50 ஆகிவிடுகிறது, அதனால்தான். மொட்டைமாடிக்குக் கூல் ரூஃப் பெயின்ட் அடித்து 60 யூனிட் குறைந்தது என்று வை. 560 ஓடிய வீட்டுக்கு 705 ரூபாய் மிச்சம். 460 ஓடிய வீட்டுக்கு வெறும் 360. பெயின்ட் ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான்.

இதைவிட வேடிக்கை, ஒரே வீட்டில் இரண்டு மீட்டர். அதே கட்டணத்தில், ஒரே மீட்டரில் 1,000 யூனிட் ஓடினால் 6,550 ரூபாய். பாதிப் பாதியாக இரண்டு மீட்டரில் ஓடினால் 3,450. ஒரு யூனிட்கூடச் சேமிக்காமல் 3,100 ரூபாய் லாபம்! இப்படிப்பட்டவரிடம் போய் ஜன்னலுக்கு வெயில் மறைப்பு போடுங்கள் என்றால் காதில் ஏறுமா? அவரைக் குறை சொல்லாதே. கட்டணம் அப்படித்தான் கற்றுக்கொடுக்கிறது.

கடைகளுக்கு வருவோம். தி.நகர் ரங்கநாதன் தெருவில் நடந்து பார். கடைக் கதவுகள் திறந்தே கிடக்கும், ஏ.சி. காற்று தெருவில் போகிறவர் முழங்காலில் படும். உள்ளே வருகிற கூட்டத்துக்கு முன்னால் கரன்ட் பில் கடைக்காரருக்குப் பெரிதில்லை. சென்ட்ரல் ஏ.சி. செலவைச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பராமரிப்புக் கட்டணத்தில் சேர்த்து வாங்கும் காம்ப்ளெக்ஸ் என்றால், கதவைச் சாத்துகிறவருக்குப் பைசா மிச்சமில்லை. சோவியத் காலத்து அடுக்குமாடிகளிலும் இதே கதைதான்: பொது வெப்பக் குழாயின் செலவைப் பரப்பளவு பார்த்துத்தான் வசூலித்தார்கள். அறை சூடானால் உறைபனியிலும் ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். அதனால், சென்ட்ரல் ஏ.சி.யின் குளிர்ந்த நீர் ஓடும் ஒவ்வொரு கடைக்கும், அது எடுத்துக்கொள்ளும் குளிர்ச்சியை அளக்கும் தனி பி.டி.யூ. மீட்டர் வைக்கச் சொல். காம்ப்ளெக்ஸ் உரிமையாளர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

மேல்மாடியில் வாடகைக்கு இருப்பவர் கூப்பிட்டால் கொஞ்சம் நிதானி. வேகிறது அவர் தலை, பில் கட்டுவதும் அவர். மொட்டைமாடியோ எல்லோருக்கும் பொது. பெயின்ட் செலவுக்கு அசோசியேஷன் கூட்டத்தில் யார் கை தூக்குவார்கள் என்று விசாரித்துவிட்டு அறிக்கை எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்