இருட்டறையில் அரை மணி நேரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ கேட்ட கேள்வி மனசிலேயே நிற்கிறது. "சித்தி, அஞ்சாம் மாச ஸ்கேன் எடுக்கும்போது டாக்டர் ஒண்ணும் பேசலேன்னா குழந்தைக்கு ஏதோ இருக்குன்னு அர்த்தமாமே?" என்றாய். பக்கத்து வீட்டு அக்கா சொன்னாளாம். முப்பது வருஷம் அந்த இருட்டறையில் பேசாமல் உட்கார்ந்து ஸ்கேன் பார்த்தவளிடம் கேட்கிறாய்! போனில் விளக்கலாம் என்றால் உன் அம்மா நடுவில் புகுந்து அழ ஆரம்பித்துவிடுவாள். அதனால்தான் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் படித்துவிடு. இன்னொன்று. கல்யாணமாகியும் உன்னை எல்லோரும் பாப்பா என்றே கூப்பிடுகிறோம். ஆகவே உள்ளே இருப்பதைக் குழந்தை என்று எழுதுகிறேன், குழப்பிக்கொள்ளாதே.

பேசாததற்குக் காரணம், அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான்.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு பெண் வந்தாள். உன் வயதுதான் இருக்கும், முதல் பிரசவம். குழந்தை குப்புறக் கிடந்தது. முதுகெலும்பின் நிழல் நெஞ்சின் மேல் விழுந்து இதயத்தை மறைத்தது. புரோபை இப்படிச் சாய்த்து, அப்படிச் சாய்த்து, வயிற்றை லேசாகக் குலுக்கி, பத்து நிமிஷம் போயிருக்கும். தற்செயலாகத் திரும்பினேன். மல்லாந்து படுத்திருந்தவளின் கண்ணீர் கன்னத்துக்கு வராமல் இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு விசும்பல்கூட இல்லை. "என்னம்மா, வலிக்குதா?" என்றேன். "இல்லீங்க டாக்டர். நீங்க பேசவே மாட்டேங்கறீங்களே" என்றாள். குழந்தைக்கு ஒன்றுமே இல்லை. வராந்தாவில் நாலு நடை நடந்துவிட்டு வரச் சொன்னேன். வந்து படுத்தபோது குழந்தை புரண்டிருந்தது, இதயம் பளிச்சென்று தெரிந்தது. அன்றிலிருந்து ஜெல்லைக் கையில் எடுக்கும் முன்பே சொல்லிவிடுவேன்: "நான் பேசாம இருந்தா எண்ணிட்டிருக்கேன்னு அர்த்தம். முடிச்சதும் எல்லாம் சொல்றேன்." உன் டாக்டர் இதைச் சொல்ல மறக்கலாம். வெளியே இன்னும் இருபது பேர் காத்திருப்பார்கள். அப்போது நீயே கேள்: "கடைசியில சொல்வீங்களா டாக்டர்?" தலையாட்டுவார். அது போதும்.

அப்படி என்ன எண்ணுகிறார் என்பாய். கை கால்களின் நீள எலும்புகள் மட்டும் பன்னிரண்டு. ஒவ்வொரு கைக்கும் மூன்று, ஒவ்வொரு காலுக்கும் மூன்று. மூளைக்குள் நீர் தங்கும் அறைகளின் அகலம் 10 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்று அளப்பார். பின்மண்டையில் சிறுமூளை, இரண்டு சின்ன உருண்டைகளை ஒட்டவைத்தாற்போல இருக்கும். மேலுதடு பிளவில்லாமல் சேர்ந்திருக்கிறதா, கண்குழி இரண்டு, மூக்கெலும்பு. முதுகெலும்பை முத்துச்சரம் பார்ப்பதுபோல மேலிருந்து கீழே கடைசி மணி வரை பார்த்துக்கொண்டு போவார், எங்காவது பிரிந்து நிற்கிறதா என்று. வயிற்றில் ஒரு கறுப்புக் குமிழ் தெரிந்தால் அது இரைப்பை. குழந்தை பனிக்குட நீரை விழுங்குகிறது என்பதற்கு அது அடையாளம். தொப்புள்கொடியில் மூன்று குழாய்கள் இருக்க வேண்டும், இரண்டு தமனி, ஒரு சிரை. மூத்திரப்பை சில சமயம் காலியாக இருக்கும். அப்போதுதான் குழந்தை போயிருக்கும், வேறென்ன! கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் மறுபடி நிரம்பியிருக்கும். சிறுநீரகம் வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அதிக நேரம் பிடிப்பது இதயம்தான். நிமிஷத்துக்கு 110-லிருந்து 160 முறை வரை துடிக்கிற, நெல்லிக்காய் அளவுகூட வராத ஒன்றுக்குள் நான்கு அறைகளையும், நடுச்சுவரையும், அங்கிருந்து கிளம்பும் இரண்டு பெரிய குழாய்கள் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். அப்படிக் கடக்கும் இடம் ஒரு கணம் திரையில் வந்துவிட்டுப் போகும். அந்தக் கணத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம்தான், பாப்பா, நீ பேச்சை எதிர்பார்க்கிறாய்.

இதற்காகத்தான் 18 வாரத்திலிருந்து 22 வாரத்துக்குள் வரச் சொல்கிறோம். முன்னாலேயே வந்தால் இதயம் ரொம்பச் சின்னது. தள்ளிப்போனால் எலும்பு கெட்டிப்பட்டு நிழல் அடிக்கும், குழந்தைக்குப் புரள இடமும் குறைந்துபோகும். 20 வாரத்தில் தலையிலிருந்து குதிகால் வரை ஏறக்குறைய 25 சென்டிமீட்டர், எடை 300 கிராம் சொச்சம். நீ வெள்ளிக்கிழமையன்று 19 வாரம் முடிக்கிறாய். சரியான நேரம்.

இந்த மிஷின் குழந்தைக்குக் கெடுதலா என்று உன் மாமியார் கேட்டதாகச் சொன்னாய். எக்ஸ்ரே வேறு, இது வேறு. இதில் கதிர்வீச்சே இல்லை, வெறும் சத்தம். மனிதக் காது விநாடிக்கு 20,000 அதிர்வு வரைக்கும்தான் கேட்கும். இது விநாடிக்குப் பல லட்சம் அதிர்வு. போய் மோதித் திரும்புகிற எதிரொலியைப் படமாக்குகிறோம். உனக்கு இது புதிதே இல்லை. உன் அப்பா திருச்சி பெல்லில் பாய்லர் வெல்டிங்கைச் சோதித்தது இதே வித்தையால்தான். இரும்பின் மேல் பசையைத் தடவி, புரோபை வைத்து, உள்ளே விரிசல் இருக்கிறதா என்று எதிரொலியை வைத்துக் கண்டுபிடிப்பார். நடுவில் காற்று புகுந்தால் ஒலி உள்ளே போகாது, அதற்குத்தான் அங்கே பசை, இங்கே ஜெல். இரண்டு வித்தைக்கும் உறவு நிஜமாகவே உண்டு. கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்ற மகப்பேறு டாக்டர் 1955-இல், ஆபரேஷனில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ரென்ஃப்ரூவில் இருந்த பாய்லர் தொழிற்சாலைக்கே போனார். இரும்பில் விரிசல் தேடும் கருவியை அவற்றின் மேல் வைத்துப் பார்த்தார். கட்டிக்குக் கட்டி எதிரொலி மாறியது. 1958-இல் லான்செட் இதழில் அவரும் உடன் வேலை செய்தவர்களும் எழுதிய கட்டுரை வந்தது. எங்கள் வேலை அங்கிருந்துதான் கிளம்பியது. உன் அப்பாவிடம் இதைச் சொல், ஒரு வாரத்துக்கு அதையே பேசிக்கொண்டிருப்பார்.

'கலர் ஸ்கேன்' பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு பாட்டி என்னிடம் ரகசியமாகக் கேட்டாள்: "கலர்ல பார்த்தீங்களே, குழந்தை செவப்பா இருக்கா?" ரத்தம் புரோபை நோக்கி வந்தால் சிவப்பு, விலகிப் போனால் நீலம், அவ்வளவுதான் அந்தக் கலர். குங்குமப்பூவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உள்ளே போகும் முன் ரிசப்ஷனில் ஃபார்ம் எஃப் என்று ஒன்றை நிரப்புவார்கள். ஆதார், கர்ப்பத்தைப் பதிவு செய்த பிக்மி எண் எல்லாம் கேட்பார்கள். குழந்தை ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்று நீ கையெழுத்துப் போட வேண்டும். நான் சொல்லவில்லை என்று டாக்டரும் போடுவார். சுவரில் பெரிய எழுத்தில் பலகையும் இருக்கும். 1994-ஆம் வருஷத்துச் சட்டம் அது. சொன்ன டாக்டருக்கும் சிறை உண்டு, கேட்டவர்களுக்கும் உண்டு. சேலத்தில் 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் ஏன் தொடங்க வேண்டிவந்தது என்று உனக்குத் தெரியும். பெண் சிசுவை ஊருக்குத் தெரிந்தே கொன்ற காலம் அது. பிறந்தபின் கொன்றவர்கள் கையில் ஸ்கேன் கிடைத்தபோது என்ன செய்தார்கள் என்று நான் கிட்டத்தில் இருந்து பார்த்தவள். அதனால் "சும்மா ஆசைக்குத்தானே, சாடையா சொல்லுங்க" என்று யாராவது இளித்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வரும். செல்போனை வெளியே வைக்கச் சொன்னால் முகம் சுளிக்காமல் வை. வீடியோ கால் எல்லாம் கூடாது.

இப்போது ரிப்போர்ட். அதைக் கையில் வாங்கியதும் கூகுளில் தட்டாதே. இது சித்தியின் உத்தரவு. நான்கு அளவுகள் போட்டிருக்கும்: பி.பி.டி., எச்.சி. இரண்டும் தலை, ஏ.சி. வயிற்றுச் சுற்றளவு, எஃப்.எல். தொடை எலும்பு. ஒவ்வொன்றுக்கும் எதிரே மிஷினே ஒரு வாரக் கணக்கைப் போட்டுவிடும். தலை 19 வாரம் 5 நாள், தொடை 18 வாரம் 6 நாள் என்று இருக்கும். "தொடை வளரலையே!" என்று ராத்திரி பதினோரு மணிக்கு எனக்குப் போன் வரும். உன் வகுப்பில் எல்லோருக்கும் ஒரே உயரமா இருந்தது? சில நாள் முன்னே பின்னே இருப்பது வெறும் அளவுப் பிசகு, உடல்வாகு. முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேனை வைத்துக் குறித்த பிரசவத் தேதியையும் இதை வைத்து மாற்றக் கூடாது.

குழந்தை தலைகீழாக இல்லை, குறுக்கே கிடக்கிறது என்று எழுதியிருந்தாலும் விடு. இந்த மாதத்தில் அது ஒரு நாளைக்குப் பத்துக் கரணம் போடும். கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறது என்று யாராவது வாய்தவறிச் சொன்னால், தாய்மாமனுக்கு ஆகாது என்று உன் அம்மா உன் தம்பியைக் கோயில் கோயிலாக இழுத்துக்கொண்டு போவாள். சுற்றும், அவிழும், மறுபடி சுற்றும். நஞ்சு கீழே இறங்கியிருக்கிறது என்றால் மட்டும் கவனி. பெரும்பாலும் கர்ப்பப்பையின் கீழ்ப்பாகம் வளர வளர அது மேலே போய்விடும். 32 வாரத்தில் திரும்பப் பார்ப்பார்கள். அதுவரை ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் வீட்டில் உட்கார்ந்து யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ.

இதயத்தில் வெள்ளைப் புள்ளி, மூளையில் சின்ன நீர்க்கட்டி என்று எழுதியிருந்தால் பயம் வரும். வேறு எந்தக் குறையும் இல்லாமல் இது மட்டும் தனியாக இருந்தால், பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அந்த நீர்க்கட்டி ஏழாம் மாதத்துக்குள் தானே கரைந்துவிடுவதுதான் வழக்கம். முதலில் எடுத்த என்.டி. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் இதை எடைபோடுவார்கள். அந்தப் பழைய ஃபைலைக் கொண்டு போ என்று நான் உயிரை வாங்குவது இதற்காகத்தான்.

ரிப்போர்ட்டின் கடைசியில், இதனால் எல்லாக் குறையையும் கண்டுபிடிக்க முடியாது என்று ஒரு வரி இருக்கும். டாக்டர் தப்பித்துக்கொள்ளப் போட்டது என்று நினைக்காதே, உண்மை அது. காது கேட்குமா, பேச்சு வருமா, புத்தி எப்படி, இதெல்லாம் எதிரொலியில் தெரியாது. டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகள் பலர் இந்த ஸ்கேனில் எந்த வித்தியாசமும் இல்லாமல் தெரிவார்கள். இதயத்தில் சின்ன ஓட்டை தப்பிப் போகலாம். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நான் வாயால் சொன்னதே இல்லை. "பார்த்த வரைக்கும் நல்லா இருக்கு" என்பேன். அந்த 'வரைக்கும்' எத்தனையோ பேருக்குப் பிடிக்கவில்லை.

ஏதாவது உண்மையிலேயே இருந்தால்? அதையும் எழுதாமல் விட்டால் நீ என்னை நம்ப மாட்டாய். முதலில் வேறொரு டாக்டரிடம் இன்னொரு தடவை பார்க்கச் சொல்வார்கள். இதயம் என்றால் 22, 24 வாரத்தில் இதயத்துக்கு மட்டும் தனியாக எக்கோ. தேவைப்பட்டால் பனிக்குட நீரை ஊசியால் கொஞ்சம் எடுத்து மரபணுச் சோதனை. உதடு பிளந்திருந்தால் பிறந்த சில மாதங்களில் தைத்துவிடலாம். பாதம் வளைந்திருந்தால் வாரா வாரம் மாவுக்கட்டு மாற்றி மாற்றியே நேராக்கிவிடுவார்கள். பிறந்தவுடன் ஆபரேஷன் வேண்டியிருக்கும் என்று தெரிந்தால், எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி மாதிரி வசதியுள்ள இடத்துக்குப் பக்கத்தில் பிரசவத்தை வைத்துக்கொள்ளலாம். தெரியாமல் பிறந்து, ராத்திரி ஆம்புலன்ஸில் ஓடுவதற்கும் அதற்கும் எவ்வளவு வித்தியாசம்! பிழைக்க வழியே இல்லாத குறைகளும் உண்டு. 2021-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, கடுமையான குறை என்று மருத்துவக் குழு உறுதி செய்தால் 24 வாரம் கடந்தும் கருவைக் கலைக்க அனுமதி உண்டு. முன்பெல்லாம் 20 வாரத்தோடு கதவு மூடிவிடும். ஸ்கேன் முடிந்த அன்றே முடிவெடுக்கச் சொல்லிக் குடும்பங்களை நெருக்கியதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. எந்தச் செய்தி வந்தாலும் அந்த அறையிலேயே முடிவு எதையும் சொல்லாதே. எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வா.

வெள்ளிக்கிழமைக்கு: நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போ, வெறும் வயிறு வேண்டாம். இரண்டாம் மாதத்தில் செய்த மாதிரி தண்ணீரைக் குடித்துக் குடித்து அடக்கிக்கொண்டு உட்காராதே. அவர்கள் கேட்டால் மட்டும் செய். நைட்டி வேண்டாம், முழுக்கத் தூக்க வேண்டிவரும். சுடிதாரோ புடவையோ உடுத்திக்கொள். ஜெல் ஜில்லென்று இருக்கும். ரொம்ப நேரம் மல்லாந்து படுத்துத் தலை சுற்றினால் சொல்லிவிட்டு இடப்பக்கம் ஒருக்களித்துப் படு, வெட்கப்படாதே. அரை மணி நேரத்துக்கு மேல் ஆனாலும், நடந்துவிட்டு வா, ஏதாவது இனிப்பாகச் சாப்பிட்டுவிட்டு வா என்று அனுப்பினாலும், குழந்தை புரளவில்லை என்றுதான் அர்த்தம். மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டுக் கூட வரட்டும். உன் அம்மா வீட்டிலேயே இருக்கட்டும்.

வெளியே வந்ததும் முதல் போன் எனக்கு. அப்புறம் அம்மாவுக்கு.

அன்புடன்,
சித்தி