மூட்டை விலையைப் பார்க்காதே, பிள்ளை

வேலணை

அன்புள்ள பிள்ளைக்கு,

நெடுந்தீவில் 200 இறைச்சிக்கோழிக் குஞ்சு இறக்கப்போவதாக நீ எழுதிய கடிதமும், அதோடு வைத்திருந்த தீன் கணக்கும் கிடைத்தன. கூடு, உமி, விளக்கு எல்லாவற்றையும் வடிவாக யோசித்திருக்கிறாய். தீன் கணக்கில் மட்டும் எனக்குச் சம்மதமில்லை. முதல் நாளிலிருந்தே கொம்பனித் தீன் பாதி, குறுணல் பாதி, மேலுக்குக் கருவாட்டுத் தூளும் நொதியப் பைக்கற்றும் என்று போட்டால் காசு மிஞ்சும் என்கிறாய். மிஞ்சாது. வியாபாரம் முதல் தொகுதியிலேயே உன்னைச் சலிக்க வைத்துவிடக்கூடாது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உன் யோசனை எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்குகிறது. யாழ்ப்பாணத்தில் வாங்கிய மூட்டை பண்ணைப் பாலம் தாண்டிக் குறிகட்டுவானுக்கு வந்து, படகேறி, உன் துறையில் இறங்கும்போது ஏற்றுகூலியும் இறக்குகூலியும் சேர்ந்துவிடுகின்றன. ஆனால் மூட்டைக்குள் நல்ல தீன் இருந்தாலும் தவிடு இருந்தாலும் படகுக்கூலி ஒன்றுதான். சத்துக் குறைந்த சரக்கைக் கடல் தாண்டி ஏற்றுவதுதான் தீவிலிருக்கிறவருக்கு மிகப் பெரிய செலவு. ஆகவே ஒரு கிலோ கோழிக்கு எவ்வளவு தீன் காசு போயிற்று என்று பார். உதாரணத்துக்கு, கரைவந்து சேர்ந்த விலை கிலோ 210 ரூபா என்று வை. அந்தத் தீனில் 1.7 கிலோ தின்று கோழி ஒரு கிலோ கூடினால் செலவு 357 ரூபா. 160 ரூபாக் கலவையில் 2.6 கிலோ தின்றால்தான் ஒரு கிலோ கூடும் என்றால் 416 ரூபா. மலிவான தீன்தான் விலை கூடியது. கோழி வளரப் பிந்தும் நாட்களுக்கான தண்ணியும் உன் உடலுழைப்பும் இதில் சேரவில்லை.

இனிப் புரதத்துக்கு வருகிறேன். முதல் பத்து நாள் தீனில் நூற்றுக்கு 22 பங்கு அளவில் புரதம் வேண்டும். குறுணலில் இருப்பது ஏறக்குறைய 8. பாதிக்குப் பாதி கலந்தால் 15க்கு இறங்கிவிடும். அதைத் தின்கிற குஞ்சு சாகாது, அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். இறகு பிந்தி முளைக்கும், நெஞ்சுச் சதை பிடிக்காது, மிஞ்சிய மாப்பொருள் கொழுப்பாகும். நாட்டுக்கோழியென்றால் பிறகு மெல்லமெல்ல ஈடுகட்டும். 35, 40 நாளில் முடிந்துபோகிற உயிருக்கு அந்த அவகாசம் இல்லை. 40 கிராம் சொச்சத்தில் வருகிற குஞ்சு 7ஆம் நாள் 160 முதல் 180 கிராம் வரை நிற்க வேண்டும். சின்னத் தராசு ஒன்று வாங்கி அன்று பத்துக் குஞ்சையாவது நிறுத்துப் பார். அந்த எடை வந்தால் மிச்சக் காலத்தைப் பற்றி நான் பயப்படமாட்டேன்.

புரதம் என்று மொத்தமாகச் சொன்னாலும் கோழிக்கு வேண்டியது அதற்குள் இருக்கும் அமினோ அமிலங்கள். சோளனும் சோயாவும் கலந்த தீனில் முதலில் தட்டுப்படுவது மெதியோனின், அரிசியில் குறைவு லைசின். ஒன்று குறைந்தாலும் மற்றவை எவ்வளவு இருந்தும் சதையாகாமல் கழிவாய்ப் போகும். எள்ளுப் புண்ணாக்கில் மெதியோனின் நன்றாக இருக்கிறது, லைசின் குறைவு. சோயாவோடு கொஞ்சமாகச் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும், தனியே போட்டால் உதவாது. பச்சைச் சோயாவை அரைத்துப் போடவே கூடாது. புரதத்தைச் செமிக்கவிடாத பொருள் ஒன்று அதில் உண்டு, சூடாக்கினால்தான் அழியும்.

இன்னொன்றும் நீ கவனிக்கவில்லை. பல கொம்பனிகளின் குஞ்சுத் தீனில் இரத்தக் கழிச்சலைத் தடுக்கிற மருந்து அளவாய்க் கலந்திருக்கும். பாதி குறுணல் கலந்தால் மருந்தும் பாதியாகும். மாரியில் உமி ஈரமாய்க் கிடக்கும்போது அதன் பலனைக் கூட்டில் காண்பாய்.

குறுணல் கெட்ட தீனில்லை. அரிசியின் மாப்பொருளைக் கோழியின் குடல் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் செமித்துவிடும், சோளனுக்குச் சக்தியில் அது குறைந்ததுமில்லை. ஆனால் அது பெரும்பாலும் மாப்பொருள்தான் என்பதை மறக்கக்கூடாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலத்தில் ஜாவாவில் டச்சு வைத்தியர் கிறிஸ்தியான் எய்க்மன் வளர்த்த கோழிகளுக்குக் கால் விழுந்து போயிற்று. பட்டாள வைத்தியசாலையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு அவற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. புதிதாக வந்த சமையற்காரர் பட்டாளத்துச் சோற்றைக் கோழிக்குத் தரமாட்டேன் என்று நிறுத்த, தீட்டாத அரிசி தின்று அவை எழும்பி நடந்தன. மாப்பொருளில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்றே எய்க்மன் முதலில் எண்ணினார். தவிட்டோடு போய்விட்ட ஒரு சத்து இல்லாமைதான் காரணம் என்று 1901இல் கெரிட் கிரைன்ஸ் எடுத்துச் சொன்னார். இன்று அதைத் தயமின் என்கிறோம். எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. பெரிபெரி நோய்க்கு விடை கோழிக்கூட்டிலிருந்து வந்ததை நினைக்க எனக்கு இன்றைக்கும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

நாலாம் கிழமையிலிருந்து பத்துக்கு ஒரு பங்கு குறுணல் கலக்கலாம். 19 பங்கு புரதமுள்ள தீன் அப்போது 18க்குத்தான் இறங்கும், அந்த வயதுக்கு அது தாங்கும். அதற்கு மேல் போகாதே. மாவாக இடிக்கவும் வேண்டாம், பருக்கையாகக் கிடந்தால் அரைக்கும் பை நன்றாக வேலை செய்யும். தவிடு வாங்குவதானால் மில்லில் அன்றைக்கு விழுந்ததையே வாங்கு. அதிலுள்ள எண்ணெய் வெக்கையில் கெதியாய்க் காறிவிடும். உள்ளங்கையில் எடுத்து ஊதிப் பார், உமி கனக்கப் பறந்தால் விட்டுவிட்டு வா.

கருவாட்டுக் கழிவைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன், அதைத் தொடாதே. கோழித்தீனில் மொத்த உப்பு நூற்றுக்கு அரைப் பங்கையும் எட்டக்கூடாது. கருவாட்டில் 15 பங்கு உப்பிருந்து, தீனில் நூற்றுக்கு 10 பங்கு கருவாடு சேர்த்தால் அதிலிருந்தே ஒன்றரைப் பங்கு உப்பு வந்துவிடும். போதாததற்கு நெடுந்தீவில் கனக்கக் கிணறு உவர். சாராப்பிட்டி நல்ல தண்ணி எல்லா வளவுக்கும் வாய்க்காதே. உப்புத் தீனும் உவர்த்தண்ணியும் சேர்ந்தால் கோழி தண்ணியாய்க் கழியும், உமி சகதியாகும், வயிற்றில் நீர் கட்டும். மீன் புரதம்தான் வேண்டுமென்றால், துறையில் மலிந்து கிடக்கும் நாளில் சூடையை வாங்கி உப்புப் போடாமல் காயவைத்து இடித்து, நூற்றுக்கு ஐந்து பங்குக்குள் சேர். விற்கிறதுக்கு ஒரு கிழமைக்கு மேல் இருக்கவே நிறுத்திவிடு, இல்லாவிட்டால் இறைச்சியில் மீன் மணக்கும்.

அடுத்தது நொதியம். மாப்பொருளை உடைக்கும் அமிலேசையும் புரதத்தை உடைக்கும் நொதியங்களையும் கோழியின் சதையியே சுரக்கிறது. பொரித்த முதல் நாட்களில் கொஞ்சம் குறைவு, பிறகு கூடிவிடும். ஆகவே குறுணலுக்கும் சோளனுக்கும் அமிலேஸ் பைக்கற் வாங்குகிற காசுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. கோதுமை கலந்த தீனென்றால் கதை வேறு. அதில் குடலைப் பசையாக்கும் நார்ப்பொருள் இருக்கிறது, அதை வெட்டச் சைலனேஸ் வேண்டும். தவிட்டுக்குப் பைற்றேஸ். தானியத்திலும் புண்ணாக்கிலும் உள்ள பொசுபரசில் மூன்றில் இரண்டு பங்கு பைற்றேற் என்ற வடிவில் பூட்டிக்கிடக்கிறது, தவிட்டில் அது மிகவும் கூட. கோழியிடம் அதைத் திறக்கப் போதிய நொதியம் இல்லை. தின்ற பொசுபரசு எச்சத்தோடு போய்விடும், கல்சியத்தையும் நாகத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். பைற்றேஸ் 1991இல் முதன்முதல் நெதர்லாந்தில் விற்பனைக்கு வந்ததற்கும் எருவில் போகிற பொசுபரசு நிலத்தையும் நீரையும் கெடுத்ததே காரணம். பைக்கற்றில் எந்த நொதியம் என்று எழுதியிருக்கிறது, கொம்பனித் தீனில் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று சீட்டைப் பார்த்துவிட்டுக் காசைக் கொடு. சீட்டில் ஒன்றும் இல்லாவிட்டால் வாங்காதே.

குறுணலைக் கஞ்சியாகக் காய்ச்சி, சூட்டோடு பொடியைத் தூவுவதாக எழுதியிருந்தாய். நொதியமும் ஒரு புரதம்தான் பிள்ளை, கொதிக்கிற கஞ்சியில் விழுந்தால் அதன் வேலை அன்றைக்கே முடிந்தது. கஞ்சி காய்ச்சவே தேவையில்லை. எங்கள் வெயிலில் ஈரத்தீன் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். பொடியை முதலில் ஒரு கிலோத் தீனோடு பிசறி, பிறகு பத்துக் கிலோவோடு, அதற்குப் பிறகுதான் முழுவதோடும் கலக்க வேண்டும். அப்படிச் செய்தால்தான் எல்லாக் கோழிக்கும் சமமாய்ப் போகும்.

புரதம் கூடினால் நல்லதுதானே என்று நினைத்துக் கடைசிவரை குஞ்சுத் தீனையே போடவும் வேண்டாம். மிஞ்சின புரதத்தைக் கழிக்கும்போது கோழிக்குள் வெக்கை கூடும், சித்திரை வைகாசியில் அதுவே ஆளைச் சாய்க்கும். எச்சத்தில் யூரிக்கமிலம் கூடி அமோனியா நெடி கண்ணைக் கரிக்கும். நெடுந்தீவு முழுக்கச் சுண்ணாம்புக்கல். எரு குவிக்கிற இடத்தில் மழை பெய்தால் அது நைத்திரேற்றாய்க் கிணற்றுக்கு நேரே இறங்கும். எருவைக் கிணற்றடியில் கொட்டாதே, மூடி வைத்துத் தோட்டக்காரருக்குக் கொடு. வெக்கை நாட்களில் வெயிலேறுமுன் விடியவும், பொழுதுபட்ட பிறகும் தீன் வை.

குஞ்சு இறக்கும் நாளைக் கோயில் கலண்டரோடு சேர்த்துப் பார். நயினை அம்மன் கொடியேறினால் தீவுப் பக்கத்தில் இறைச்சி வாங்க ஆளில்லை. நல்லூர்க் கொடி 25 நாள், அப்போது யாழ்ப்பாணத்திலும் அதே நிலைதான். ஆறாம் கிழமை தாண்டிய கோழி தின்கிற தீனில் கொழுப்பாகிற பங்கு கூடிக்கொண்டே போகும், ஒவ்வொரு நாளும் உன் காசில் கரைகிற நாள். ஆகவே கொடியேற்றத்துக்கு முந்திய கிழமையில் விற்று முடிகிற மாதிரி 40 நாள் பின்னோக்கி எண்ணிக் குஞ்சுக்குச் சொல்லிவை. படகு ஓடாத காற்று நாட்களுக்காக ஒரு கிழமைத் தீனை எப்போதும் கையில் வைத்திரு, நிலத்தில் படாமல் பலகை மேல்.

அன்புடன்,
சித்தப்பா