பழைய கணிப்பொறியும் ஹார்ட் டிஸ்க் மாற்றமும்

சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லுமிடங்களில், பேரேட்டைத் திறப்பதற்கு முன்பே என் காதில் விழுவது கணிப்பொறியைப் பற்றிய முறையீடாகும். "காலையில் பொத்தானை அழுத்திவிட்டு டீ குடித்து வரலாம், வந்த பிறகும் திரை அப்படியே நிற்கும்" என்று காரியதரிசிகள் கூறுகின்றனர். புதிய பொறி வாங்கத் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறோம், தாங்கள் சிபாரிசு செய்யவேண்டும் என்பது அடுத்த வாக்கியம். தீர்மானம் போடுவதற்கு முன்னர், பழைய பொறியில் மூப்படைந்த பகுதி எது என்று பார்ப்பது அவசியம். பெரும்பாலான இடங்களில் அது ஹார்ட் டிஸ்க் என்னும் ஒரே உறுப்பாகவே இருக்கிறது. அதை மாற்றும் முறையையும், மாற்றுவதற்கு முன் செய்து முடிக்கவேண்டிய ஒரு காரியத்தையும் இங்கு விளக்க விரும்புகிறேன். அந்த முன்காரியத்தின் அருமையை நான் கற்றது ஒரு நஷ்டத்தின் மூலமாக; அதையும் மறைக்காமல் கூறுவேன்.

இவ்விஷயம் சங்க அலுவலகத்தோடு நிற்பதன்று. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில் தொடங்கப்பெற்ற விலையில்லா மடிக்கணினித் திட்டத்தினால், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயின்ற மாணவர் பலரின் இல்லங்களுக்கு மடிக்கணினி வந்து சேர்ந்தது. பெற்ற பிள்ளைகள் இன்று வேலைக்குப் போய்விட்டனர். பலர் வீட்டில் அப்பொறி பரண் மேல் கிடக்கிறது. தறிக்கான டிசைன் வரையவும், உரக் கணக்கு எழுதவும், பட்டா நகல் எடுக்கவும் அது இன்னும் உதவக்கூடியதே.

முதலில் டிஸ்க் என்பது யாது என்று தெரிந்துகொள்வோம். நெசவாள அன்பர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஜக்கார்டு தறியில் கோர்த்த துளை அட்டைகளே டிசைனைத் தம்முள் வைத்திருக்கின்றன. தறி நின்றாலும் டிசைன் அழிவதில்லை. பிரான்சு தேசத்தில் 1804ஆம் ஆண்டில் ஜக்கார்டு என்பவர் அமைத்த இம்முறைக்குப் பின், துளை அட்டைகளைக் கொண்டே 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கட்தொகைக் கணக்கை ஹாலரித் என்பவரின் பொறிகள் எண்ணித் தீர்த்தன. கணிப்பொறியில் அட்டைக்கட்டின் ஸ்தானத்தை வகிப்பது டிஸ்க். ராம் என்று கூறப்படுவதோ அப்போது வேலை நடக்கும் தறிமேடை போன்றது. மின்சாரம் நின்றதும் அதில் உள்ளது போய்விடும். விவசாய அன்பர்கள் ராமைக் களம் என்றும், டிஸ்க்கைக் கிடங்கு என்றும் கொள்ளலாம்.

ஹார்ட் டிஸ்க்கினுள் காந்தப் பூச்சுள்ள தட்டுகள் சுழல்கின்றன. ஒரு சிறு கை அவற்றின் மேல் தொடாமல் உலாவி எழுத்தைப் படிக்கிறது. 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் டிஸ்க் சாதனத்தில் 24 அங்குலத் தட்டுகள் ஐம்பது இருந்தன. ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடை. அதில் அடங்கியதோ ஐம்பது லட்சம் எழுத்துக்கள். இன்று கைபேசியில் எடுக்கும் இரண்டொரு புகைப்படங்களுக்கே அவ்விடம் பற்றாது. தட்டு சுருங்கிக் கொள்ளளவு பெருகியதேயன்றி வேலைமுறை மாறவில்லை. சாதாரண மடிக்கணினியில் தட்டு நிமிஷத்திற்கு 5,400 தடவை சுழலும். வேண்டிய இடம் கையின் கீழ் வந்து சேருவதற்குச் சராசரி அரைச் சுற்றுக் காத்திருத்தல் வேண்டும். அது வினாடியில் ஆயிரத்தில் ஐந்தரைப் பங்கு. கை நகரும் நேரம் வேறு. கேட்பதற்கு அற்பமாயிருக்கும். ஆனால் பொறி துவங்கும்போது பல்லாயிரம் சிறு கோப்புகளைக் கிடங்கின் மூலைமூலையாகச் சென்று எடுக்கவேண்டியிருப்பதால், அற்பங்கள் சேர்ந்து நிமிஷங்களாகின்றன.

எஸ்.எஸ்.டி. என்னும் புதிய சேமிப்புக் கருவியில் தட்டும் இல்லை, கையும் இல்லை. பென் டிரைவில் உள்ளது போன்ற சில்லுகளே இருக்கின்றன. எந்த மூலையில் உள்ளதையும் ஏறக்குறைய ஒரே நொடிப்பொழுதில் எடுத்துக் கொடுக்கும். சத்தமும் சூடும் குறைவு. கீழே விழுந்தால் தட்டு உராயும் பயம் இல்லை.

நான் குடியிருக்கும் வெள்ளானூரில் அண்டை வீட்டார் கீரையும் மல்லிகையும் பயிரிடுபவர். அவர் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் பெற்ற மடிக்கணினி துவங்குவதற்கு ஆறு நிமிஷம் பிடித்தது. மாற்றிப் பார்க்கலாம் என்று நான் கூறியபோது பெரியவர் நகைத்து, "இன்ஸ்பெக்டர் ஐயா, கிழட்டு மாட்டுக்கு லாடம் மாற்றினால் உழவு ஓடிவிடுமா?" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரே ஒரு திருப்புளியைக் கொண்டு அப்பெண்ணே அவ்வேலையைச் செய்து முடித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து திருகாணிகளை ஒரு தாம்பாளத்தில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அரை நிமிஷத்திற்குள் திரை வருகிறது. பெரியவர் உவமையைத் திரும்பப் பெறவில்லையாயினும், மண்டி விலையை அதில் தினமும் பார்க்கிறார்.

வாங்குமுன் பொறியின் இனத்தை அறிதல் வேண்டும். ஏறக்குறைய 2006ஆம் ஆண்டுக்குப் பின் வந்த மேசைப் பொறிகளிலும் மடிக்கணினிகளிலும் பெரும்பாலும் சாட்டா என்னும் இணைப்பு உண்டு. அதற்கு இரண்டரை அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. பொருந்தும். மேசைப் பொறியில் அதை மூன்றரை அங்குல இடத்தில் நிறுத்த ஒரு தகரச் சட்டம் வேண்டும். மடிக்கணினியின் பழைய டிஸ்க் ஒன்பதரை மில்லிமீட்டர் தடிப்பும், புதியது ஏழு மில்லிமீட்டர் தடிப்பும் உள்ளதாயின், இடைவெளிக்கு உடன்வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டிக்கொள்ளலாம். அகன்ற தட்டை நாடா கேபிளுள்ள மிகப் பழைய பொறிகள் ஐ.டி.இ. இனத்தவை, அவற்றின்மேல் பணம் செலவிடுவதை நான் சிபாரிசு செய்யேன். எம்.2 என்னும் பட்டை வடிவக் கருவியை விலைமலிவு கண்டு வாங்கிவிடலாகாது. அதிலேயே சாட்டா என்றும் என்.வி.எம்.இ. என்றும் இரு பிரிவுகள் உண்டு. பழைய பொறிகளில் பெரும்பாலானவை இரண்டாவது பிரிவிலிருந்து துவங்கமாட்டா.

கொள்ளளவைப் பொறுத்தவரை, ஒரு சங்கத்தின் பத்தாண்டுக் கணக்கு முழுவதும் எழுத்தளவில் மிகச் சிறியதே. இடத்தை அடைப்பவை ஸ்கேன் செய்த பத்திரங்களும் புகைப்படங்களும். 240 அல்லது 256 ஜி.பி. பல சங்கங்களுக்குப் போதும். ராம் 2 ஜி.பி. மட்டும் இருந்தால் அதையும் 4 அல்லது 8 ஆக்குதல் நலம். களம் சிறியதாயிருந்தால் மூட்டையை ஓயாமல் கிடங்குக்கும் களத்துக்குமாகச் சுமக்கவேண்டியிருக்கும். புதிய கிடங்கு அக்குறையை முற்றும் தீர்க்காது. விலை ஏறியிறங்கிக்கொண்டிருப்பதால் தொகை எதுவும் நான் குறிப்பிடவில்லை.

நிற்க. இனி அந்த நஷ்டத்தைக் கூறுகிறேன். பெயர் குறிப்பிடலாகாத ஒரு சங்கத்தில், பொறி மெதுவாக ஓடுகிறது என்ற முறையீட்டின்பேரில், எஸ்.எஸ்.டி. மாற்றிக்கொள்ளலாம் என்று ஆய்வுக் குறிப்பில் எழுதியவன் நானே. நகல் எடுப்பதைப் பற்றி ஒரு வரியும் அதில் எழுதவில்லை. சங்கத்தார் ஒரு பழுதுபார்ப்பவரை அழைத்தனர். அவர் திரையில் கண்ட கோப்புகளையும் ஆவணப் பகுதியையும் நகல் எடுத்துப் புதிய கருவியில் வைத்தார். கணக்கு மென்பொருளின் தரவோ வேறொரு கோப்புறையில் இருந்தது, அதை அவர் அறியார், காரியதரிசியும் அறியார். பழைய டிஸ்க்கை அன்றே அழித்து, விலையில் கழித்துக்கொண்டு எடுத்துச் சென்றுவிட்டார். சேமிப்பு இட்டுவைப்பு இரண்டாண்டுக் கணக்கு இவ்வாறு மறைந்தது. ஒருவரும் வஞ்சகம் செய்யவில்லை. ஒவ்வொருவரும் தம் வேலையைச் சரிவரச் செய்ததாகவே எண்ணினர். கணக்கைத் திரும்பக் கட்டியெழுப்ப உதவியவை, அங்கத்தினர்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் வைத்திருந்த பாஸ் புத்தகங்களும் சங்கத்தின் ரசீது அடிக்கட்டைகளுமே. ஒரு மூதாட்டி தம் பாஸ் புத்தகத்தை என் கையில் கொடுக்க மறுத்து, தாமே பிடித்துக்கொண்டு, என்னை எழுதிக்கொள்ளச் சொன்னார். அவர் செய்தது நியாயம் என்றே எனக்குத் தோன்றிற்று.

ஆகையால் திருப்புளியைத் தொடுமுன், சங்கக் கணக்கு பொறிக்கு வெளியே இரண்டு இடங்களில் இருத்தல் வேண்டும். மென்பொருளிலேயே உள்ள பேக்கப் என்னும் வசதியால் எடுத்த நகல் ஒன்று. முழு டிஸ்க்கையும் அப்படியே பிரதி செய்தது மற்றொன்று. முழுப் பிரதிக்குக் குளோன்சில்லா போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. பிரதி எடுக்கும் இலக்கு, மூலத்தைவிடச் சிறியதாயிருத்தல் ஆகாது. சிறியதற்கு மாற்றவேண்டின் முதலில் மூலத்தின் பகுதிகளைச் சுருக்கவேண்டும். நகல் எடுத்துவிட்டோம் என்று திருப்தியடைவதும் போதாது. அந்நகலை வேறொரு பொறியில் திறந்து, ஏதேனும் ஓர் அங்கத்தினரின் சென்ற மாத இருப்பைக் காகிதப் பேரேட்டுடன் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். திறந்து பாராத நகல், எண்ணிப் பாராத ரொக்கத்திற்குச் சமம். பழைய டிஸ்க்கில் டிக், டிக் என்ற ஓசை எழுந்தாலோ, கோப்புகள் திறக்கத் தயங்கினாலோ, பொறியை மேலும் ஓட்டாமல் மிக முக்கியமான தரவையே முதலில் எடுத்துவிட வேண்டும்.

கணக்கு யாவும் இப்போது கிளவுடில் இருக்கிறதே என்று சிலர் வினவுவர். 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க மத்திய அரசு 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒப்புதல் அளித்த திட்டத்தில், பொது மென்பொருள் அவ்வாறே அமைந்தது. ஆயினும் திட்டத்திற்கு முந்தைய ஆண்டுகளின் தரவு, தீர்மான நகல்கள், வழக்குக் காகிதங்கள் ஆகியவை சங்கப் பொறியிலேயே கிடக்கின்றன. நெசவாளர் சங்கங்களோ அத்திட்டத்தைச் சேர்ந்தவை அல்ல. கூலிக் கணக்கும் பாவு, ஊடைக் கணக்கும் அவரவர் பொறியில்தான். 2023ஆம் ஆண்டு டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர், பட்டாபிராம் பக்கங்களில் நீர் புகுந்ததை மறந்தவர் இரார். எனவே ஒரு நகலாவது வேறு கட்டடத்தில், தரைமட்டத்திற்கு மேலே இருக்கட்டும்.

மாற்றும் வேலை சுருக்கமானதே. மின் இணைப்பையும் பாட்டரியையும் எடுத்துவிட்டு, பொத்தானைச் சில வினாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தைப் போக்கி, கையால் ஓர் உலோகப் பகுதியைத் தொட்டு, பின்னரே உள்ளே கை வைக்கவேண்டும். பாட்டரி உள்ளேயே பொருத்தப்பட்டதாயின், மூடியைத் திறந்ததும் அதன் இணைப்பைக் கழற்றுவதே முதல் வேலை. டிஸ்க்கைப் பக்கவாட்டில் இழுத்தால் கழன்றுவரும், மேலே தூக்கலாகாது. பயாஸ் அமைப்பில் சாட்டா முறை ஏ.எச்.சி.ஐ. என்று இருப்பது நலம். ஆனால் பிரதி செய்த பழைய விண்டோசை வைத்துக்கொண்டு அதைத் திடீரென மாற்றினால் பொறி துவங்காது போகலாம். மேசைப் பொறியைத் திறந்த கையோடு, மதர்போர்டிலுள்ள சி.ஆர். 2032 என்னும் நாணய வடிவ பாட்டரியையும் மாற்றிவிடுக. அது தீர்ந்துபோன ஒரு சங்கத்தில் தேதி பின்னோக்கிச் சென்று, கடன் வசூல் ரசீதுகள் பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதியில் அச்சாகியிருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் உள்ளூரில் வாங்கினாலும், உத்தரவாதச் சீட்டும் ஜி.எஸ்.டி. ரசீதும் இல்லாமல் பெறவேண்டாம். நம்பமுடியாத மலிவில் 1 டி.பி., 2 டி.பி. என்று விற்கப்படுபவற்றுள், உள்ளே சிறு கொள்ளளவே இருந்து பொய்யாகப் பெருக்கிக் காட்டுபவை உண்டு. முழுவதும் எழுதித் திரும்பப் படித்துச் சோதிக்கும் இலவச மென்பொருளால் ஓட்டிப் பார்த்த பின்பே கணக்கை அதில் ஏற்றவேண்டும்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. பழைய பொறிகளில் பல விண்டோஸ் 11க்குத் தகுதி பெறா. அவற்றில் லினக்ஸ் வகை ஒன்றை நிறுவலாம். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் நம் மாணவர் மடிக்கணினிகளில் முன்பே இடம்பெற்றதுதான். எனினும் சங்கத்தின் கைரேகைக் கருவியும் பிரிண்டரும் அதில் இயங்குமா என்று விசாரித்தறிந்த பின்னரே மாறவேண்டும்.

எஸ்.எஸ்.டி.க்கும் ஒரு குறை உண்டு. ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் முனகிச் சாகும். இது சொல்லாமலே நின்றுவிடும். நின்றபின் உள்ளிருப்பதை மீட்பது கடினம். மின்சாரமின்றி நெடுங்காலம் பெட்டியில் வைத்தாலும் எழுத்து மங்கக்கூடும். ஆகவே ஆண்டிறுதி நகலுக்கு இதைவிட ஹார்ட் டிஸ்க்கே உகந்தது. கழற்றிய பழைய டிஸ்க் நல்ல நிலையிலிருந்தால், ஒரு யு.எஸ்.பி. உறையில் இட்டு அதற்கே பயன்படுத்தலாம். ஆனால் உடனே அழிக்கவேண்டாம். மாற்றிய தேதியை மேலே எழுதி ஒட்டி, காரியதரிசியும் தலைவரும் கையொப்பமிட்டு, அவ்வாண்டுத் தணிக்கை முடியும்வரை இரும்புப் பெட்டியில் வைத்திருந்து, அதன்பின்னர் நிர்வாகக் குழுத் தீர்மானத்தின்பேரில் எடுத்துக்கொள்ளுங்கள்.