இடமில்லை என்ற கணிப்பொறி

1969ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 20ஆம் நாள், நீல் ஆர்ம்ஸ்ட்ராங், பஸ் ஆல்ட்ரின் என்னும் அமெரிக்க விண்வெளி வீரர் இருவர், 'ஈகிள்' என்ற சிறு கலத்தில் நின்றவண்ணம் நிலவின் தரையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தனர். தரைக்கும் கலத்திற்கும் இடையே இன்னும் முப்பதாயிரம் அடிக்கு மேற்பட்ட தொலைவு இருந்தது. அவ்வேளையில் கலத்தின் கணிப்பொறி எச்சரிக்கை விளக்கை ஏற்றி, 1202 என்னும் எண்ணைக் காட்டிற்று. அவ்வெண்ணின் பொருளை வீரர் இருவரும் அறியார். இறங்குவதைக் கைவிட்டு மேலே திரும்பிவிடலாம். அல்லது நம்பித் தொடரலாம். இரண்டில் ஒன்றைத் துணிவதற்குச் சில நொடிகளே இருந்தன.

அவ்வெண் கூறிய செய்தி மிக எளியது. புதிய பணிக்குக் கொடுக்க நினைவகத்தில் இடமில்லை என்பதே அது. இடமில்லை என்ற பொறி பின்னும் கலத்தைத் தவறாமல் செலுத்தியது எங்ஙனம் என்பது ஆராயத்தக்கது.

கணிப்பொறியின் நினைவகம் எண்ணிடப்பட்ட அறைகளின் நீண்ட வரிசை. ஒவ்வொரு நிரலும் தான் கணக்கிடும்போது கிடைக்கும் இடைநிலை விடைகளை எழுதிவைக்க அவ்வறைகளுள் சில வேண்டும். இரண்டு நிரல்கள் ஓர் அறையிலேயே எழுதினால் இரண்டின் கணக்கும் கெடும். ஆதலின், யாருக்கு எந்த அறை என்று பிரித்துக் கொடுக்கவும், பணி முடிந்ததும் அறையை மீட்கவும் ஒரு தலைமை நிரல் தேவைப்படுகிறது. அதனை இயக்க அமைப்பு என்பர். வழிப்போக்கர்க்கு அறை கொடுத்து, அவர் புறப்பட்டதும் சாவியை வாங்கி மாட்டும் சத்திரத்து மணியக்காரரின் வேலை போன்றது இது. சாவியை வாங்க மறந்தால் எத்துணைப் பெரிய சத்திரமும் நிரம்பிவிடும்.

இடம் போதாதபோது செய்யத்தக்கது யாது? இதற்குச் சிறந்த ஒரு வழியை இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்னும் அவர்தம் குழுவினரும் கண்டனர். 1962இல் தொடங்கிவைக்கப்பெற்ற அவர்களுடைய அட்லஸ் கணிப்பொறி, நினைவகத்தை 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பகுத்தது. உடனே தேவைப்படாத பக்கத்தைச் சுழலும் காந்த உருளைக்கு அனுப்பிவிட்டு, வேண்டும்போது மீண்டும் அழைத்துக்கொண்டது. நிரலோ, எல்லாப் பக்கங்களும் தன் அருகிலேயே இருப்பதாக எண்ணித் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. இன்றைய கணிப்பொறிகளும் பெரும்பாலும் இம்முறையையே பின்பற்றுகின்றன.

ஈகிளில் அத்தகைய உருளை ஏதும் இல்லை. அதற்கு இடமும் இல்லை, எடையும் தாங்காது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் கருவியியல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பெற்ற அக்கணிப்பொறியில் இருவகை நினைவகங்கள் இருந்தன. நிலையான நினைவகத்தில் 36,864 சொற்கள் அடங்கின. சிறு காந்த வளையங்களின் ஊடே கம்பி சென்றால் ஒன்று, புறத்தே சென்றால் சுழி என்னும் முறையில் பெண்தொழிலாளர் அதனைக் கையால் கோத்தனர். நெய்த சேலையில் கரையை மாற்ற இயலாதவாறு, கோத்தபின் அந்நிரலில் ஓர் எழுத்தையும் மாற்ற இயலாது. எழுதி அழிக்கத்தக்க மற்றொரு நினைவகத்தில் இருந்தவை 2,048 அறைகளே. இன்றைய கைப்பேசி ஒன்றின் நினைவகம் இதனினும் ஏறத்தாழப் பத்து இலட்சம் மடங்கு பெரிது! இடநெருக்கடியால், சில அறைகள் பறப்பின் வெவ்வேறு கட்டங்களில் ஏழுவகைப் பயனுக்கும் மாறிமாறி உதவின.

இச்சிறு இடத்தை ஆண்டது, ஹால் லேனிங் என்பார் வகுத்த 'எக்ஸெகியூட்டிவ்' என்னும் தலைமை நிரல். அது ஒவ்வொரு பணிக்கும் 12 அறைகள் கொண்ட ஒரு தொகுதியை அளித்தது. கடுங்கணக்கு உடைய பணிக்கு மேலும் 44 அறைகள் கொண்ட பெருந்தொகுதி ஒன்று கிடைத்தது. அத்தகைய பெருந்தொகுதிகள் மொத்தம் ஐந்தே. பணிகளுக்கு முதன்மை வரிசையும் உண்டு. கலத்தைச் செலுத்தும் கணக்கு உயர்ந்த வரிசையது; திரையில் எண்களைக் காட்டும் பணி தாழ்ந்த வரிசையது.

இனி, அன்று நிகழ்ந்ததைக் காண்போம். மேலே சுற்றிவந்த தாய்க்கலத்தைத் தேடுதற்குரிய ரேடார் ஒன்று ஈகிளில் இருந்தது. நடைமுறைப் பட்டியலில் எழுதியவாறே அதன் விசையை வீரர்கள் திருப்பியிருந்தனர். ஆயின், ரேடாரின் மின்னோட்டமும் கணிப்பொறியின் மின்னோட்டமும் ஒத்திசையாமையால், பொருளற்ற துடிப்புகள் கணிப்பொறியில் ஓயாது வந்து விழுந்தன. அவற்றை எண்ணுவதிலேயே அதன் நேரத்தில் ஏறத்தாழ 13 விழுக்காடு கழிந்தது. வீரர்மீது இதற்குப் பழி கூறுவது முறையன்று.

கலத்தைச் செலுத்தும் கணக்கு இரண்டு நொடிக்கு ஒருமுறை புதிதாகத் தொடங்குவது. நேரம் திருடப்பட்டமையால் முதற்கணக்கு முடியுமுன் அடுத்த கணக்கு வந்து அறை கேட்டது. முதலது முடியாமையால் அதன் அறைகளை மீட்க வழியில்லை. அவ்வேளை, ரேடார் காட்டும் உயரத்துக்கும் கணித்த உயரத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் திரையிற் காட்டுமாறு ஆல்ட்ரின் பணித்தார். சிறு பணிதான், எனினும் இருந்த நெருக்கடியில் அதுவே மிகையாயிற்று. நேரப் பஞ்சம் இவ்வாறு இடப் பஞ்சமாக மாறிற்று.

இடம் தீர்ந்தால் செய்யவேண்டுவதை நிரலை எழுதியோர் முன்னரே எண்ணியிருந்தனர். கணிப்பொறி உடனே எல்லாப் பணிகளையும் நிறுத்தி, அறைகள் அனைத்தையும் விடுவித்து, மீண்டும் தொடங்கும். கலத்தைச் செலுத்தும் கணக்குகள் தாம் வந்துசேர்ந்த இடத்தை அவ்வப்போது குறித்துவைத்திருந்தமையால், அங்கிருந்தே தொடரும். காட்சிப் பணி போன்றவை கைவிடப்படும். பொறி ஒரு கணம் திரையை மறந்தது, எஞ்சினை மறக்கவில்லை. இன்றும் நினைவகம் நிரம்பிய கைப்பேசி, பயன்படுத்தாத செயலிகளைத் தானே மூடிவிடுவது இதனோடு ஒருபுடை ஒத்ததே.

ஹூஸ்டன் நகரின் கட்டுப்பாட்டு அறையில் இம்முடிவைக் கூறவேண்டியவர் 26 அகவையினரான ஸ்டீவ் பேல்ஸ். சில நாள்களுக்கு முன் நடந்த ஒத்திகையில் இத்தகைய எச்சரிக்கை ஒன்று தோன்றியபோது, அவர் இறங்குவதைக் கைவிடச் செய்தார். அது தேவையற்ற முடிவு என்று பின்னர்த் தெளிந்தது. அதனால், எல்லா எச்சரிக்கை எண்களையும் அவற்றின் பொருளையும் ஜாக் கார்மன் என்னும் 24 அகவை இளைஞர் கையால் எழுதித் தம் மேசையில் வைத்திருந்தார். 1202 தோன்றியதும் அப்பட்டியல் உதவிற்று. எச்சரிக்கை இடைவிடாது தொடராவிடில் அஞ்சவேண்டா என்று கார்மன் கூற, பேல்ஸ் இறங்கலாம் என்றார்.

எச்சரிக்கை மீண்டும் வந்தது. ஆல்ட்ரின் கேட்ட உயர வேறுபாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்வதாக ஹூஸ்டனிலிருந்தோர் தெரிவித்து, கணிப்பொறியின் சுமையைக் குறைத்தனர். தரை நெருங்குகையில் 1201 என்ற எண்ணும் ஒருமுறை தோன்றிற்று. 44 அறைகள் கொண்ட பெருந்தொகுதிகள் தீர்ந்தன என்பது அதன் பொருள். ஆகமொத்தம் ஐந்துமுறை கணிப்பொறி தன் நினைவகத்தைத் துடைத்துத் தொடங்கிற்று. பாறைகள் நிறைந்த பள்ளம் ஒன்றைக் கடந்து, ஆர்ம்ஸ்ட்ராங் கலத்தைச் சமதரையில் இறக்கினார்.

ஆய்வுக்கூடத்தினர் அன்றிரவே காரணத்தைத் தேடி ரேடாரைக் கண்டுபிடித்தனர். மறுநாள் நிலவிலிருந்து புறப்படுமுன், ரேடார் குறித்த மாற்றம் வீரர்க்குத் தெரிவிக்கப்பெற்றது. கலம் மேலேறியபோது 1202 என்ற எண் தோன்றவில்லை.