கடல் கடந்து வாழ்வோரின் வாடகை வீடு

உத்தியோக நிமித்தம் அயல்நாட்டில் வசிப்போர், சென்னையிலுள்ள தம் வீட்டை வாடகைக்கு விட எண்ணி, நம்பிக்கைக்குப் பாத்திரமான பந்து ஒருவருக்குப் பவர் பத்திரம் எழுதுங்கால், விற்கும் அதிகாரத்தை அறவே விலக்கி, ஒப்பந்தம் செய்யவும் பழுது பார்க்கவும் வேண்டிய அதிகாரத்தை மட்டுமே அளித்தல் உசிதம். எத்துணை நெருங்கிய உறவாயினும் இந்த ஜாக்கிரதை அவசியமே. அப்பத்திரத்துக்கு இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி பெற்று, அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும்.

தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வாடகை ஒப்பந்தம் எழுத்து மூலமாய் அமைந்து, வாடகை அதிகாரியிடம் பதிவு பெறுதல் வேண்டும். வாடகைத் தொகை, வெளிநாடு வாழ்வோருக்கான என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கில் சேரட்டும்.

வெளிநாட்டுவாசிக்கு வாடகை செலுத்துபவர் 30 சதவீத வருமான வரியும் அதற்குரிய செஸ்ஸும் பிடித்தம் செய்து சர்க்காருக்குச் செலுத்தக் கடமைப்பட்டவர் என்பதைக் குடிவருவோர் பலர் அறியாராதலின், முன்னதாகவே அவர்களுக்கு விளக்கிவிடுங்கள்.