மட்காட்டின் நெளிவை நாமே எடுப்போம்

உழவு இயந்திரத்தின் மட்காட் நெளிந்தால் உழவு நின்றுவிடாது. ஆகவே "பிறகு பார்ப்போம்" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் நெளிந்த இடத்தில் பெயின்ற் வெடிக்கும். வெடிப்பினூடாக மழைநீர் இறங்கிக் கறள் பிடிக்கும். உள்நோக்கி வளைந்த மட்காட் உரசினால் ரயரும் பழுதாகும். ஊரைவிட்டு வந்து, கூலிக்கு உழுது சீவிக்கும் குடும்பத்துக்கு ஒரு ரயரின் விலை சிறிய தொகையல்ல. எனவே ஐப்பசி மழைக்கு முன்னரே இந்த வேலையை முடிப்பது நல்லது.

தகடு நெளிவது எப்படி?

இரும்புத் தகட்டைச் சற்று வளைத்து விட்டால் அது பழைய நிலைக்குத் திரும்பும். ஓர் எல்லையைத் தாண்டினால் மடிந்த இடம் மடிந்தபடியே நின்றுவிடும். குழியைச் சுற்றி வரம்புபோல எழுந்திருக்கும் மடிப்புத்தான் குழியை இழுத்துப் பிடித்திருக்கிறது. வரம்பை வெட்டினால் தண்ணீர் வடிவதுபோல, மடிப்பைத் தளர்த்தினால் குழியும் இளகும். அப்படிச் செய்யாமல் நடுவில் ஓங்கி அடித்தால் தகடு மெலிந்து விரியும். பின்னர் விரலால் அழுத்த உள்ளே போய் வெளியே வரும். அதைத் திருத்துவது கைதேர்ந்தவருக்கும் கடினம்.

முதலில் எச்சரிக்கை

அடை கொடுக்க வயலிலோ பற்றையிலோ கிடந்த இனந்தெரியாத இரும்பை எடுக்கவே கூடாது. போர் 2009இல் முடிந்தாலும் வெடிக்காத பொருட்கள் மண்ணில் எஞ்சியுள்ளன. அப்படியொன்றைக் கண்டால் தொடாமல் விலகி, பொலிசாருக்கு அறிவிப்போம். எரிபொருள் தாங்கி, பிறேக், ஸ்ரியறிங், சில்லு ஆகியவற்றின் நெளிவையும் வீட்டில் தட்டக் கூடாது.

தேவையானவை

மரச்சுத்தியல், சிறிய இரும்புச் சுத்தியல், அடை கொடுக்கக் கைக்கு அடங்கும் சம்மட்டித் தலை, சோக்கட்டி, அரத்தாள், புட்டி, பிறைமர், பெயின்ற்.

செய்முறை

1. இயந்திரத்தை நிறுத்திச் சில்லுகளுக்குக் கட்டை வைப்போம். விளக்கு வயரைக் கழற்றுவோம். முடிந்தால் மட்காட்டையே கழற்றி எடுப்போம்.

2. இரு புறமும் சேற்றைக் கழுவி உலர்த்துவோம். சரிவாகப் பார்த்தால் குழியும் மடிப்பும் தெரியும். இரண்டையும் சோக்கட்டியால் குறிப்போம்.

3. குழிக்குப் பின்புறம் சம்மட்டித் தலையை வைத்து வெளிநோக்கி அழுத்திப் பிடிப்போம். முன்புறத்தில் மடிப்பின் மேல் மரச்சுத்தியலால் மெதுவாகத் தட்டுவோம். வெளி ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருவோம்.

4. தகடு ஏறக்குறையச் சமமானதும், அடையை நேர் பின்னால் வைத்துச் சிறு மேடுகளை இரும்புச் சுத்தியலால் இலேசாகத் தட்டுவோம். இங்கே பலமாக அடித்தால் தகடு விரியும்.

5. மற்ற மட்காட்டின் வளைவுக்கு ஓர் அட்டையை வெட்டி, திருத்திய இடத்தில் வைத்துப் பார்ப்போம். கண்ணுக்குத் தெரியாத மேட்டை உள்ளங்கை காட்டித்தரும்.

6. பழைய பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும். ஆதலால் நனைத்துத் தேய்த்து, முகமூடி அணிந்து, பிள்ளைகளை விலக்கி வைப்போம். கறள் முற்றாக நீங்கி வெறும் இரும்பு தெரிந்ததும் உடனே துடைத்து உலர்த்துவோம்.

7. எஞ்சிய பள்ளத்துக்கு மட்டும் புட்டி வைப்போம். நிறைப்படி 100 பங்கு புட்டிக்கு 2 பங்கு அளவில் இறுக்கி சேர்ப்பது வழக்கம். பேணியில் எழுதியிருப்பதையும் பார்ப்போம். சில நிமிடங்களில் இறுகும் என்பதால் சிறிது சிறிதாகக் குழைப்போம். 3 மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பாக வைத்தால், இயந்திரத்தின் அதிர்வில் வெடித்து விழும்.

8. இறுகிய புட்டி தண்ணீரை உறிஞ்சும். எனவே 80ஆம் இலக்க அரத்தாளாலும் பின்னர் 180ஆலும் உலர்வாகவே தேய்ப்போம். அதன்பின் பிறைமரும் பெயின்றும் பூசுவோம். சேறு அடிக்கும் உட்புறத்தையும் மறவாமல் பூசுவோம்.

தகடு கிழிந்திருந்தாலோ கறளில் ஓட்டை விழுந்திருந்தாலோ புட்டியால் மூடுவதில் பயனில்லை. அதை ஒட்டுவேலை தெரிந்தவரிடம் கொடுப்பதே சிக்கனம்.

குழுவாகச் சிந்திப்போம்

• நடுவில் அடிக்காமல் ஓரத்தில் தொடங்குவது ஏன்?

• நமது குடியிருப்பில் இக்கருவிகளைப் பொதுவாக வாங்கி வைக்க முடியுமா? யார் பொறுப்பேற்பார்?

• இந்தக் கைவேலையைப் பழக விரும்பும் இளைஞர், யுவதிகள் நம்மிடையே எத்தனை பேர்?