ஸ்டூல் இருந்தும் ஏன் உட்காரவில்லை?

அன்பு மாணவிக்கு,

ஜவுளிக்கடைப் பெண்களிடம் பேசி நீ எழுதி அனுப்பிய குறிப்புகளைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் கடைசிப் பக்கத்தில், "கூச்சத்தை விட்டு வெளியே சொன்னால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும், இவர்கள்தான் சொல்வதில்லை" என்று முடித்திருக்கிறாயே, அந்த வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. மருத்துவர்களும் அதிகாரிகளும் முகாம் நடத்துகிறவர்களும் ஓயாமல் சொல்வது இதைத்தான். உன் பேனாவிலிருந்தும் அது வந்ததில் எனக்கு வருத்தம்.

உன் குறிப்புகளை நீயே இன்னொரு முறை படி. கால் வலிக்கிறது என்று சூப்பர்வைசரிடம் சொன்ன பெண்ணை மறுநாளே மேல்மாடிக்கு மாற்றியிருக்கிறார்கள். காய்ச்சலுக்கு லீவு போட்டவளுக்கு அந்த மாதத்து இன்சென்டிவ் போயிற்று. மற்றவர்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்? சொன்னால் என்ன வரும், என்ன போகும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் பிழையில்லை. இதே பெண்கள் ராத்திரி விடுதியில் மாதவிடாய், வெள்ளைப்படுதல், நீர்க்கடுப்பு எல்லாவற்றையும் ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறார்கள் என்பதும் உன் குறிப்பில்தான் இருக்கிறது. விடுதியில் இல்லாத கூச்சம் கடை வாசலில் எங்கிருந்து வந்தது என்று நீ கேட்டிருக்க வேண்டாமா?

கடையில் உட்காருவது பற்றிய சட்டம் உனக்குத் தெரியும். 2021 செப்டம்பரில் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ பிரிவைச் சேர்த்தார்கள். ஊழியர் எல்லாருக்கும் இருக்கை வேண்டும் என்றார்கள். கேரளம் 2018இலேயே செய்துவிட்டது. பலருக்குத் தெரியாத சங்கதி, இது புதிய யோசனையே அல்ல என்பதுதான். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்று அன்றே சொல்லிவிட்டது. அதற்கும் முன்னால், 1899இல், பிரிட்டனில் கடைப் பெண்களுக்கென்றே ஒரு சட்டம் வந்தது: மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கையாவது இருக்க வேண்டும். நம் சட்டம் ஆண்களையும் சேர்த்துக்கொண்டது எனக்குப் பிடித்திருக்கிறது. புடவை மடிக்கும் பையனுக்கும் கால் கால்தான்.

ஆனால் 1948இலும் சரி, 2021இலும் சரி, ஒரே நிபந்தனை கூடவே வருகிறது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம். வாய்ப்பு கிடைத்ததா இல்லையா என்று யார் முடிவு செய்வது? கஸ்டமர் இல்லாத நேரத்தில் உட்கார்ந்தவளைப் பார்த்து, "சும்மா இருக்கிறாயா, அந்த ரேக்கை அடுக்கு" என்கிற சூப்பர்வைசர்தான் முடிவு செய்கிறார். நீ பார்த்த ஸ்டூல்கள் மாடிப்படிக்குக் கீழே அடுக்கிக் கிடந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

நிற்பதில் அப்படி என்ன கெடுதல் என்று கடைக்காரர் உன்னிடம் கேட்டாராம். அடுத்த முறை இதைச் சொல். காலிலிருந்து இரத்தம் மேலே ஏற வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி அதை மேலே தள்ளுகிறது. சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகள் திரும்பி இறங்காமல் தடுக்கின்றன. அசையாமல் நின்றால் தசைக்கு வேலை இல்லை. கணுக்காலருகே சிரையில் அழுத்தம் ஏறத்தாழ 90 மி.மீ. பாதரச அளவுக்கு ஏறிவிடும். நடந்தால் அது 30க்கும் கீழே இறங்கும். ஆண்டுக்கணக்கில் இப்படி நின்றால் சிரை விரிந்து, வால்வு மூடாமல் போய், நம் பெண்கள் 'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்று சொல்லும் நிலை வரும். பரம்பரை, பிள்ளைப்பேறு இவற்றுக்கும் இதில் பங்குண்டு, மறைக்காதே. ஆனால் பரம்பரையை மாற்ற முடியாது, ஸ்டூலைப் போட முடியும்.

இந்த விஷயத்தில் எனக்கு ஆசான் ஒருவர் உண்டு. வகுப்பில் நான் பெயரைச் சொல்லியிருக்கிறேன். யாரும் போய்ப் படித்ததாகத் தெரியவில்லை. பெர்னார்தினோ ராமஸ்ஸீனி. இத்தாலியில் மோதெனா நகரத்து மருத்துவர். 1700இல், அறுபத்தைந்து வயதைத் தாண்டியபின், தொழிலாளர் நோய்களைப் பற்றி இலத்தீனில் ஒரு நூல் வெளியிட்டார். அது தொடங்கிய இடத்தைக் கேள். அவர் வீட்டு மலக்குழியைச் சுத்தம் செய்ய ஓர் ஆள் வந்தான். அந்த ஆள் பதறிப் பதறி வேலை செய்வதைப் பார்த்து, ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டார். இந்தக் குழிக்குள் நாலு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கண் போய்விடும் என்ற பொருளில் பதில் வந்தது. மேலே வந்தவனின் கண்கள் சிவந்து மங்கியிருந்தன. அன்றிலிருந்து அவர் பட்டறைகளுக்குப் போனார்; குயவர், சுரங்கத் தொழிலாளி, மருத்துவச்சி, எழுத்தர், சலவைப் பெண் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். நின்று வேலை செய்கிறவர்களுக்குத் தனி அத்தியாயமே உண்டு. காலில் நரம்பு சுருட்டுவதை அதில் எழுதி, நடுநடுவே உட்காரவும் நடக்கவும் வேண்டும் என்கிறார். நம் சட்டசபைக்கு அது வந்து சேர முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. மலக்குழிக்குள் இறங்குவதோ, அதைத் தடைசெய்த 2013 சட்டத்துக்குப் பிறகும் நம் ஊரில் முழுக்க நிற்கவில்லை.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். நோயாளியிடம் ஹிப்போகிரட்டீஸ் கேட்கச் சொன்ன கேள்விகளோடு அவர் ஒன்றைச் சேர்த்தார்: என்ன வேலை செய்கிறீர்கள்? இன்றைக்கும் நம் ஓ.பி. சீட்டில் பெயர், வயது, ஆண் பெண் எல்லாம் இருக்கும். தொழில் என்ற கட்டம் இருந்தாலும் காலியாகக் கிடக்கும். நீர்க்கடுப்போடு அடிக்கடி வரும் பெண்ணுக்கு மாத்திரையைக் கொடுத்து, தண்ணீர் நிறையக் குடி அம்மா என்று அனுப்பிவிடுகிறார்கள். அவள் வேண்டுமென்றேதான் குடிக்காமல் இருக்கிறாள்! பாத்ரூம் கீழ்த்தளத்தில் இருக்கிறது, கவுண்டரை விட்டுப் போனால் எத்தனை நிமிஷம் என்று பார்க்கிறார்கள். தண்ணீர் குறைந்து, சிறுநீரையும் அடக்கினால் கிருமி தங்கித்தான் பெருகும். மருத்துவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் இது வெளியே வந்திருக்கும். விழிப்புணர்வு முகாம் போட்டு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்கிறவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்த முகாமை முதலாளிக்குப் போடட்டும்.

கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் நடந்ததையும் நீ சேர்க்க வேண்டும். தையல் வேலை செய்த விஜி அங்கே பெண்களைத் திரட்டி 'பெண்கூட்டு' அமைப்பைக் கட்டினார். அவர்கள் முதலில் கேட்டது நாற்காலி இல்லை, கழிப்பறை. உட்காரும் உரிமை பின்னால் வந்தது. தனியாக ஒருத்தி 'எனக்கு ஒன்றுக்கு வருகிறது' என்று சொன்னால் அது அவள் உடம்பின் குறை. நூறு பேர் சேர்ந்து கழிப்பறை எங்கே என்று கேட்டால் அது கடையின் குறை. பெண்கள் வெளியே பேசியது அந்தப் பலம் வந்தபிறகுதான்.

சட்டம் எழுதியவர்களுக்கும் இது ஓரளவு தெரிந்திருந்தது. 1948 இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீட்டு) சட்டத்தின் 73ஆம் பிரிவு, நோய்க்காலப் பணம் வாங்கும் தொழிலாளியை அந்தச் சமயத்தில் வேலையைவிட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்றது. ஆண்டுக்கு 91 நாள்வரை கூலியில் 70 விழுக்காடு தருவதும் அந்தத் திட்டம்தான். உடம்பு சரியில்லை என்று ஒருத்தி தைரியமாகச் சொல்ல, இப்படி ஒரு பிடிமானம் வேண்டும். நீ பேசிய பெண்களில் எத்தனை பேரிடம் இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறது? நீ கேட்கவே இல்லை.

ஆகவே மறுபடி போ. கடைக்குள் பேசாதே, விடுதியிலோ வார விடுமுறை நாளிலோ பேசு. "உடல்நலப் பிரச்சினை உண்டா" என்று ஆம் இல்லை கேள்வி கேட்டுக் கட்டத்தில் டிக் அடிக்கிற வேலையை விட்டுவிடு. காலையில் எத்தனை மணிக்கு நிற்கத் தொடங்கினாய், முதலில் எப்போது உட்கார்ந்தாய், கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தாய், பாத்ரூம் போக யாரிடம் கேட்க வேண்டும், ஒரு நாள் வராவிட்டால் சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள், யாராவது சொல்லி அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேள். பெயரையும் கடையையும் எங்கும் எழுதாதே, குறியெண் போதும். நோட்டை விடுதியில் வைத்துவிட்டு வராதே.

அந்தக் கடைசி வரியை அடித்துவிட்டு, புதிய குறிப்புகளோடு ஆவணி முடிவதற்குள் அனுப்பு. ராமஸ்ஸீனியின் நூலுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு என்னிடம் இருக்கிறது. வந்து வாங்கிக்கொள், பக்கத்தை மடிக்காமல் திருப்பித் தா.

அன்புடன்,
உன் ஆசிரியர்